பானை மூடியைத் திறந்து பார்க்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் பகல் பதினோரு மணிக்கே மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். தெருவோரக் கடையின் வாசலில் நீளமாக ஒரு மேசை, அதன்மேல் மூடிபோட்ட அலுமினியப் பானைகள் எட்டோ பத்தோ. மெனு அட்டை கிடையாது. சாப்பிட வருகிறவர்கள் ஒவ்வொரு மூடியாகத் தூக்கி எட்டிப் பார்க்கிறார்கள். இரண்டு மூன்றைக் கைகாட்டிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த வகைக் கடைக்கு 'ஹாங் பாய்' என்று பெயர். ஹாங் என்பது கடை, பாய் என்பது சோறு. சோற்றுக்கடை, அவ்வளவுதான்.

முதல் தடவை போனபோது நானும் ஒரு பானையைக் காட்டினேன். கிண்ணத்தில் தண்ணியாக, ஆவி பறக்க வந்தது. சூப் என்று நினைத்து, சோறு வருவதற்குள் கரண்டியால் குடித்தே முடித்துவிட்டேன். பிறகு சோறு வந்தது. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. கடைக்கார அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வீட்டுக்கு வந்த விருந்தாளி சாம்பாரை டம்ளரில் ஊற்றிக் குடித்தால் நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படி. ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.

தப்பு என்னுடையது மட்டுமில்லை. 'சம்லா' என்ற சொல்லை, அது கம்போடியரின் க்மேர் மொழிச் சொல், ஆங்கில மெனுக்களும் பயண நூல்களும் சூப் என்றே எழுதுகின்றன. அப்படிப் படித்துவிட்டுப் போகிறவருக்குக் கம்போடியச் சாப்பாடு கடைசிவரை பிடிபடாது. சம்லா சூப் இல்லை, குழம்பு. சோற்றுக்காகவே செய்யப்படுவது, சோற்றோடு சேர்ந்தால்தான் உப்பும் புளிப்பும் அளவாகத் தெரியும். வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, மீன்குழம்பு எல்லாம் 'குழம்பு' என்ற ஒரே குடைக்கீழ் நிற்பதுபோல, சம்லாவும் ஒரு பதார்த்தத்தின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். கெட்டியாகவும் இருக்கும், ரசம்போலத் தெளிவாகவும் இருக்கும், தேங்காய்ப்பால் விட்டும் இருக்கும். தமிழ்ச் சமையலறையில் வளர்ந்தவருக்கு இதை விளக்க இவ்வளவு நேரம் ஆகவே கூடாது.

சோற்றின் இடமும் அப்படித்தான். 'சாப்பிடு' என்பதற்கு அவர்கள் சொல்வது 'ஞாம் பாய்', சோறு உண். தெரிந்தவரை வழியில் பார்த்தால் "ஞாம் பாய் ஹாய் நௌ?", சாப்பிட்டாச்சா? சமையலறைக்குப் பெயர் 'ப்தெஹ் பாய்', அதாவது சோற்று வீடு. (க்மேர் மொழியை எழுத நம் எழுத்து ஒரு விதத்தில் வசதி. ஞாயிற்றுக்கும் ஞானத்துக்கும் ஞாபகத்துக்கும் தவிர பெரிதாக வேலையில்லாத ஞ, சொல்லின் முதலில் வரவே வாய்ப்பில்லாத ங, இரண்டுக்கும் அங்கே நாள் முழுக்க வேலை. 'சுவையாக இருக்கிறது' என்பது 'ச்ஙாஞ்'.)

இனிப் பானைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

பாதிப் பானைகளில் அடிப்படை ஒன்றுதான், 'க்ரோயங்' என்ற அரைப்பு. எலுமிச்சைப்புல், பேரரத்தை, பசுமஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், மக்ரூட் எலுமிச்சையின் இலை அல்லது தோல். இவற்றைப் பொடியாக நறுக்கி உரலில் இடிக்கிறார்கள். எலுமிச்சைப்புல்லை முதலில் மெல்லிய வட்டங்களாக அரிந்துகொள்ளாவிட்டால் நார் நாராக வாயில் நிற்கும். ஊறவைத்த காய்ந்த மிளகாய் சேர்த்தால் சிவப்பு க்ரோயங், மஞ்சள் தூக்கலாக இருந்தால் மஞ்சள் க்ரோயங், எலுமிச்சைப்புல்லின் பச்சைப் பகுதி அதிகமானால் பச்சை. சந்தைகளில் அரைத்ததையே எடைபோட்டு விற்கிறார்கள். நம் ஊரில் அரைத்த மாவு வாங்குவதுபோல.

நம் நாக்கு எதிர்பார்க்கிற இரண்டு விஷயங்கள் இதில் இருக்காது. நாம் மல்லி, சீரகம், மிளகு என்று விதைகளை வறுத்து அரைப்போம். அவர்கள் புல், கிழங்கு, இலை எனப் பச்சையாகவே இடிக்கிறார்கள். அப்புறம், தாளிப்பு கிடையாது. கடுகு வெடிக்காது. பல சம்லாக்களில் க்ரோயங் எண்ணெயைப் பார்க்காமலே நேராகக் கொதிநீரில் விழுகிறது. அதனால் முதல் வாயில் 'என்னவோ குறைகிறதே' என்று தோன்றும். குறைவது எண்ணெய் வாசம். அது போன இடத்தில் புல் வாசமும் கிழங்கு வாசமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாவது நாளில் பழகிவிடும். காரமும் குறைவு. தாய்லாந்துச் சாப்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். மிளகாய் பெரும்பாலும் தனியாக ஒரு கிண்ணத்தில் பக்கத்தில் இருக்கும், வேண்டியவர் கிள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

காரத்தைவிடப் புளிப்புக்குத்தான் அங்கே மரியாதை. 'மச்சூ' என்றால் புளிப்பு, 'சம்லா மச்சூ' என்றால் புளிக்குழம்பு. ஆனால் நம்மைப்போல ஒரே புளியில் நின்றுவிடுவதில்லை. புளியம்பழம், புளியங்காய், கொழுந்துப் புளியிலை, அன்னாசி, தக்காளி, எலுமிச்சை என்று காலத்துக்கும் கறிக்கும் தக்கபடி மாற்றுகிறார்கள். மீனென்றால் அன்னாசியும் தக்காளியும் தாமரைத்தண்டும். மாட்டிறைச்சி என்றால் க்ரோயங் போட்டு வள்ளைக்கீரையோடு. 1296-இல் அன்றைய தலைநகரான அங்கோருக்கு வந்து ஏறக்குறைய ஓராண்டு தங்கிய சீனத் தூதுக்குழுவில் சூ தாகுவான் என்பவர் இருந்தார். இந்த ஊரார் குழம்பைப் புளிக்கவைக்க ஒரு மரத்தின் இலையைப் போடுகிறார்கள் என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். இன்றும் அதே வேலையைத்தான் புளியங்கொழுந்து செய்துகொண்டிருக்கிறது.

தெளிவான வகைக்கு 'ஸ்ஙோ' என்று பெயர். அதில் ஒன்றைத் தமிழர் யாரும் தவறவிடக்கூடாது: 'ஸ்ஙோ ஙாம் ஙௌ'. முழு எலுமிச்சையை உப்பில் ஊறப்போட்டு, பழுப்பேறும்வரை வைத்திருந்து, அதில் ஒன்றைக் கோழிச்சாற்றில் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். உப்பு நார்த்தங்காயைக் கஞ்சிக்குக் கடித்தவருக்கு அந்தக் கசப்பும் புளிப்பும் கலந்த வாசனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று சொல்லத் தேவையில்லை.

எதை முதலில் சாப்பிடலாம் என்று கேட்டால் நான் 'சம்லா கோக்கோ'வைத்தான் சொல்வேன். குடிக்கிற கோக்கோவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'கோ' என்றால் கிளறுவது, கிளறிச் செய்கிற குழம்பு. பச்சைப் பப்பாளி, பூசணி, கத்தரி, வாழைக்காய், முருங்கைக்கீரை அல்லது மிளகாய் இலை, கெளுத்தி மீனோ பன்றி இறைச்சியோ, க்ரோயங், கடைசியில் வறுத்துப் பொடித்த அரிசி. அந்த அரிசிப்பொடிதான் குழம்பைச் சேர்த்துப் பிடிக்கிறது. திருவாதிரைக்கு ஏழு காய் போட்டு, வறுத்த பொடி தூவிச் செய்கிற தாளகக் குழம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தேங்காயையும் புளியையும் எடுத்துவிட்டு மீனையும் எலுமிச்சைப்புல்லையும் வைத்தால் ஏறக்குறைய கோக்கோ. கம்போடியாவின் தேசிய உணவு எது என்று பேச்சு வந்தால் வெளிநாட்டவர் அமொக் என்பார்கள். வீட்டில் சமைப்பவர்கள் பலர் கோக்கோ என்பார்கள்.

அமொக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மீன், தேங்காய்ப்பால், க்ரோயங் மூன்றையும் கலந்து, அடியில் நோனி என்ற மரத்தின் இலை வைத்து, வாழையிலைக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைப்பது அது. சரியாகச் செய்தால் இளகிய புட்டிங்போல நிற்கும். வேலை அதிகம். அதனால் வீடுகளில் விசேஷ நாளுக்குத்தான். சுற்றுலாத் தெருக்களில் கால் மணி நேரத்தில் வருகிற 'அமொக்' பல இடங்களில் வாழையிலையில் ஊற்றிய தேங்காய்ப்பால் குழம்புதான். மோசமில்லை, ஆனால் அதை வைத்து இந்தச் சமையலை எடைபோட வேண்டாம். சோற்றுக்கடையில் அது இல்லாமல் இருப்பதே நல்ல அறிகுறி என்பது என் கட்சி.

இப்போது ப்ரஹோக். எல்லாரும் பயப்படுகிற பெயர்.

ப்ரஹோக் என்பது உப்பில் புளிக்கவைத்த மீன் விழுது. கருவாட்டு வாசனையில் வளர்ந்தவர் பயப்பட ஒன்றுமில்லை, இது ஈரமான கருவாடு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஏன் அந்த நாட்டுச் சமையலின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிய, ஒரு ஏரியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்போடியாவின் நடுவில் தோன்லே சாப் என்ற பெரிய ஏரி. அதிலிருந்து புறப்படுகிற ஆறு புனோம் பென்னில் மேகோங் நதியோடு சேர்கிறது. மழைக்காலத்தில் மேகோங் நிரம்பித் தள்ளும்போது, அந்த ஆறு திரும்பி ஏரியை நோக்கியே ஓடத் தொடங்கிவிடும். கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் இருக்கிற ஏரி, வெள்ளத்தில் 10,000-ஐத் தாண்டிவிடும். காடும் வயலும் தண்ணீருக்குள் போய்விட, மீன் அங்கே முட்டையிட்டுப் பெருகுகிறது. மழை ஓய்ந்து ஆறு மறுபடி திசை மாறும் சமயத்தில்தான், நவம்பரை ஒட்டி, தண்ணீர்த் திருவிழாவும் படகுப் போட்டியும். அடுத்த சில வாரங்களில் வெளியேறும் நீரோடு சின்னஞ்சிறு மீன்கள் கோடிக்கணக்கில் இறங்கி வரும். 'த்ரேய் ரியேல்' என்று பெயர். நாட்டின் பணத்துக்கும் ரியேல் என்றுதான் பெயர். மீனிலிருந்துதான் காசுக்குப் பெயர் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். ஸ்பானியரின் ரியால் காசிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு.

ஒரே சமயத்தில் இவ்வளவு மீன் வந்தால் என்ன செய்வது? உப்புதான் வழி. தலையைக் கிள்ளி, கழுவி, மிதித்தோ இடித்தோ, வெயிலில் காட்டி, உப்போடு ஜாடியில் அடைத்துவிடுகிறார்கள். சில வாரத்திலும் எடுக்கலாம், சில ஆண்டுகள் வைத்தும் எடுக்கலாம். நெல் விளைகிற ஊர்களிலிருந்து குடும்பங்கள் மாட்டுவண்டியில் அரிசியோடு ஆற்றங்கரைக்கு வந்து, மீனுக்கு மாற்றிக்கொண்டு, அங்கேயே ப்ரஹோக் போட்டு எடுத்துப் போவது பழைய வழக்கம். ஆண்டு முழுவதற்குமான புரதம் ஜாடியில் இருக்கிறது. மற்றதெல்லாம் வேலியோரத்துக் கீரையும் காயும்.

கடையில் ப்ரஹோக் இரண்டு வேடத்தில் வரும். ஒன்று கண்ணுக்குத் தெரியாது. பல சம்லாக்களில் ஒரு கரண்டி கரைந்திருக்கும், நம் குழம்பில் பெருங்காயம் கரைவதுபோல. இன்னொன்று 'ப்ரஹோக் க்திஸ்': கொத்திய பன்றி இறைச்சி, தேங்காய்ப்பால், க்ரோயங், சுண்டைக்காய் சேர்த்துச் சுண்டவைத்தது. ஆமாம், நம் சுண்டைக்காயேதான், வற்றலாக இல்லாமல் பச்சையாக. பக்கத்தில் ஒரு தட்டில் வெள்ளரி, முட்டைக்கோஸ், பச்சைக் கத்தரிக்காய், பயற்றங்காய் எல்லாம் சமைக்காமல் வரும். காயைக் கையால் எடுத்துத் தொட்டுக் கடித்து, பின்னாலேயே ஒரு வாய் சோறு. ப்ரஹோக்குக்குப் பயப்படுகிறவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான். தேங்காய்ப்பால் வாசனையை அடக்கிவிடும்.

இனி மேசையில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது. ஆளுக்கொரு பதார்த்தம் என்று கணக்குப் போடாதீர்கள், எல்லாம் நடுவில் வைத்துப் பொதுவில் சாப்பிடுவது. இரண்டு பேர் என்றால் ஒரு சம்லா, ஒரு 'சா' (வாணலியில் பிரட்டியது, இஞ்சியைக் காய்போலவே நீளநீளமாக அரிந்து கோழியோடு வதக்குகிற 'சா க்ஞேய்' நல்ல தேர்வு), உப்பாக ஒன்று. சம்லா புளிப்பாக இருந்தால் மற்றது இனிப்புக்கும் உப்புக்கும் சாயட்டும். பொரித்த மீனை அரிந்த மாங்காயோடு தருவார்கள். சுட்ட கருவாட்டைத் தர்பூசணித் துண்டோடு தருவார்கள். கேட்டால் சிரிப்பீர்கள், சாப்பிட்டால் சிரிக்க மாட்டீர்கள். சோறும் ஒரு பதார்த்தமும் பொதுவாக 2, 3 டாலருக்குள் முடியும். ஒரு டாலருக்கு 4,000 ரியேல் சொச்சம். இரண்டு பணமும் ஓடும், டாலரில் கொடுத்தால் சில்லறை ரியேலில் வரும்.

வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்கரண்டி தள்ளிவிடத்தான், வாய்க்குப் போவது கரண்டி. குச்சிகள் நூடுல்ஸுக்கு மட்டும். பொதுக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி சம்லாவை எடுத்துச் சோற்றின் ஓரத்தில் விட்டு, அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நாம் பிசைகிற மாதிரி மொத்தமாக ஊற்றிக் குழைத்தால் யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் பக்கத்து மேசை பார்க்கும். கரண்டிகளைச் சுடுதண்ணீர்க் குவளையில் முக்கி வைத்திருப்பார்கள். ஐஸ் போட்ட வெறும் தேநீர் கேட்காமலே வரும், காசில்லை. பொரித்ததற்கும் சுட்டதற்கும் தொட்டுக்கொள்ள உப்பும் மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் குழைத்த 'தூக் மரெச்' கேளுங்கள். கம்போட் என்ற பகுதியில் விளைகிற மிளகு 2010-இல் நாட்டுக்குள்ளும் 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புவிசார் குறியீடு பெற்றது. சோற்றுக்கடையில் அந்த உயர்ந்த ரகம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சாதா மிளகிலும் இது நன்றாகத்தான் இருக்கும்.

கடைக்காரரைக் கூப்பிட உறவுமுறைதான். அம்மா வயதுக்குக் கொஞ்சம் இளையவர் 'மிங்', நம் சித்திபோல. பெற்றோரைவிட மூத்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் 'ஓம்'. பாட்டி வயதென்றால் 'யேய்'. அண்ணன், அக்கா இரண்டுக்கும் 'பொங்'. ஹலோ, மேடம் என்றெல்லாம் கூப்பிட்டு வராத கவனிப்பு, ஒரு 'மிங்'குக்கு வரும்.

என்ன கறி என்று கேட்டுக்கொள்ள நாலு சொல் போதும்: த்ரேய் மீன், சாச் மோன் கோழி, சாச் ச்ரூக் பன்றி, சாச் கோ மாடு. கடைசியை மறக்க முடியாது, கோமாதாவில் இருக்கிற அதே கோ. சைவர்களுக்கு உள்ளதைச் சொல்கிறேன், இந்தக் கடைகள் கஷ்டம். கீரை வதக்கல்கூட மீன்சாற்றில்தான் உப்பேறியிருக்கும். இறைச்சி வேண்டாம் என்றால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள், குழம்பு அதேதான். கண்டிப்பான சைவம் என்றால் 'ஞாம் பூஹ்' என்று சொல்லிக் கேட்கலாம். துறவு கொள்வதற்கான சொல் அது, மரக்கறி உணவையும் குறிக்கும். அதற்கென்றே இருக்கிற கடைகளைத் தேடிப்போவது நிம்மதி.

இந்தப் பானைகள் வெளியே வரிசையாக உட்கார்ந்திருப்பது அப்படியொன்றும் சாதாரண விஷயமில்லை. 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை க்மேர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில், வீட்டில் தனியாக உலை வைப்பதே குற்றமாகிவிட்டது. பொதுக்கூடத்தில் வரிசையில் நின்று, அரிசி மிதக்கிற தண்ணீரைக் கஞ்சி என்று வாங்கிக் குடித்தார்கள். பசியாலும் நோயாலும் கொலையாலும் செத்தவர்கள் பதினைந்து லட்சத்துக்கும் மேல். சமைக்கத் தெரிந்த பாட்டிகள் அதில் எத்தனை பேரோ. எழுதி வைக்காத சமையல் அவர்களோடு போனது போக, தப்பியவர்களின் கையில் மிஞ்சியதுதான் இந்தப் பானைகளில் இருப்பது. அதே கஞ்சி, 'பொபோ', இன்று கருவாட்டோடும் உப்பு முட்டையோடும் தெருவில் விற்கிறது. விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள்.

சாப்பாடு முடிந்ததும் இனிப்புக்குக் கடைக்குள் தேடாதீர்கள், தெருவில் பாருங்கள். கம்போடியாவின் தேசிய மரம் பனை. 2005-இல் அரச ஆணையாக அறிவித்தார்கள். வயல் வரப்பில் நிற்பதைப் பார்த்தால் தூத்துக்குடிப் பக்கம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். பனைக்குத் 'த்நௌத்' என்று பெயர். பதநீர் 'தூக் த்நௌத்', பனஞ்சர்க்கரை 'ஸ்கோ த்நௌத்'. அந்தச் சர்க்கரைதான் காலையிலிருந்து எல்லாப் பானையிலும் ஒரு கிள்ளு விழுந்திருக்கிறது, முட்டையும் பன்றி இறைச்சியும் போட்டுப் பழுப்பாகக் கொதிக்கிற, 'கோ' என்றே பெயருள்ள பதார்த்தத்தில் கொஞ்சம் தாராளமாகவே. நுங்கும் கிடைக்கும். ஆனால் தேட வேண்டியது 'நும் அகோ த்நௌத்': பழுத்த பனம்பழத்தின் சாற்றை அரிசிமாவோடும் பனஞ்சர்க்கரையோடும் புளிக்கவைத்து, ஆவியில் வேகவைத்து, மேலே தேங்காய்த் துருவல் தூவியது. பஞ்சுபோல, ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் பனங்காய்ப் பணியாரம் தின்று வளர்ந்த ஒரு நண்பருக்கு வாங்கிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டு, "இதை எண்ணெயிலதான் போட வேணும், ஏன் அவிச்சவை?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே நாலு தின்றார்.